பின்னால் தள்ளுகிறவன்

அந்தக் கேள்விக்கு அப்புறம் வருகிறேன், அம்மா. முதலில் தேநீரைக் குடித்துவிடுங்கள். ஆறிவிட்டால் இஞ்சி எல்லாம் அடியில் தங்கி, கடைசி வாய் மட்டும் காரமாக இருக்கும். கபேராவுக்கு அந்தக் கடைசி வாய்தான் பிடிக்கும். அதை மட்டும் அவன் எனக்கு விட்டுக்கொடுத்ததே இல்லை.

இருபத்து நாலா, முப்பத்தாறா என்றுதானே கேட்டீர்கள்? உங்கள் தாளில் அந்த ஒரு கட்டம் காலியாக இருக்கிறது, தெரிகிறது. கபேராவின் சக்கர நாற்காலிக்கு மோட்டார் வைத்துத் தர, மறுவாழ்வு மையத்திலிருந்து இவ்வளவு தூரம் ஏறி வந்திருக்கிறீர்கள். பேட்டரி எத்தனை வோல்ட் என்று என்னைக் கேட்டதும் சரிதான். பதினாலு மாதம் சார்ஜ் கடையில் வேலை பார்த்தவன் நான். இந்த மேட்டில் வேறு யாருக்கும் அது தெரியாது. அவன் வெளியே என் வாசலில் வெயிலில் உட்கார்ந்திருக்கிறான். நாம் பேசுவது அங்கே கேட்காது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வோல்ட் விஷயத்தில் அவசரம் கூடாது. முன்பும் அவனுக்காக நான்தான் தேர்ந்தெடுத்தேன். நன்றாக யோசித்துத்தான் தேர்ந்தெடுத்தேன்.

கசேகே மேட்டுச் சாலை காலையில் கபேரா வீட்டிலிருந்து நீங்கள் ஏறி வந்த அதே சாலைதான். நாலு கிலோமீட்டர், ஏழு வளைவு. கீழே பள்ளத்தாக்கில் கிழங்கு விளைகிறது. மேலே, இதோ என் வீட்டை ஒட்டிப் போகிற தார்ச் சாலையில் லாரி நிற்கிறது. இரண்டுக்கும் நடுவில் நாங்கள். ஒரு சைக்கிளில் இரண்டு மூட்டை ஏற்றினால் மிதிக்க முடியாது, தள்ளத்தான் வேண்டும். முன்னால் ஒருவன் கைப்பிடியைப் பிடித்து வழி பார்ப்பான். பின்னால் ஒருவன் கழுத்தையும் தோளையும் மூட்டைக்குக் கொடுத்துத் தள்ளுவான். "கபேரா சைக்கிள் வருது" என்றுதான் சாலையில் சொல்வார்கள். பின்னால் இருப்பவன் மூட்டைக்குப் பின்னால் மறைந்திருப்பான், அவன் பெயரை யாரும் சொல்வதில்லை. என் பெயர் ருகேமா என்பதே உங்களுக்கு இன்று காலைதான் தெரிந்திருக்கும். எனக்கு அதில் எந்த வருத்தமும் இருந்ததில்லை.

முன்னால் போகிறவன் திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் சைக்கிள் சாய்ந்துவிடும். அதனால் ஒவ்வொரு வளைவிலும் குரல் கொடுப்பான்.

"இருக்கியா?"

"இருக்கேன்."

அவ்வளவுதான். ஒரு நடைக்கு ஏழு முறை, ஒரு நாளைக்கு மூன்று நடை, பதினோரு வருடம். என் மனைவி உயிரோடு இருந்த காலத்தில் வருடத்துக்கு ஒருமுறைகூட அப்படிக் கேட்டதில்லை. அவளைக் குறை சொல்லவில்லை. அவள் என்னை நேராகப் பார்க்க முடிந்ததால் கேட்க வேண்டிய தேவை இல்லை, அவ்வளவுதான்.

மேலே போய்ச் சேர்ந்ததும் லாரிக்காரர்கள் பக்கத்தில் ஒரு குடிசையில் வாழைக் கள் கிடைக்கும். ஒரே குடுவை, ஒரே நாணல் குழல். தள்ளினவன்தான் முதலில் குடிக்க வேண்டும். அது இந்த மேட்டு வழக்கம். கபேரா குழலை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, நான் குடித்து முடிக்கும்வரை லாரிகளை எண்ணிக்கொண்டிருப்பான். இறங்கும்போது எனக்கு இன்னொரு வேலை இருந்தது. பிரேக் கட்டை. கடையில் வாங்குவது இந்த இறக்கத்தில் இரண்டு நாள்கூட நிற்காது. பழைய லாரி டயரை அறுத்து நான் செய்து போடுவது ஒரு வாரம் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் அவன் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுக் கட்டை மாற்றுவேன். யாரும் சொல்லி நான் அதைச் செய்ததில்லை.

பிறகு தொமிதிலா வந்தாள். பட்டணத்தில் படித்த பெண். மின்கம்பி மேலே தார்ச் சாலையோடு போவதால் அங்கேயே கடை வைத்தாள். பழைய சைக்கிளின் பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, மோட்டார் வைத்த சக்கரத்தை மாட்டித் தருவாள். பேட்டரிக்கு சார்ஜும் அங்கேதான். கபேரா முதல் ஆளாகப் போய் மாட்டிக்கொண்டான். மாட்டிக்கொண்டு நேராக என் வீட்டுக்குத்தான் வந்தான்.

"ருகேமா, இனிமே உன் தோளுக்கு ஓய்வுடா."

"ஓய்வு வேணும்னு யாரு கேட்டா?"

"நீ எங்க கேப்ப. கழுத்த ஒரு தடவ கண்ணாடியில பாரு. அந்தத் தழும்புக் குழியில ஒரு முட்டைய வெச்சா உருண்டு விழாது."

நானும் சிரித்தேன். அவன் சொன்னது உண்மைதான். சும்மா என்னைக் கைவிட்டுவிட்டுப் போகிற ஆளும் இல்லை அவன். தொமிதிலாவிடம் அவனே பேசி எனக்கு வேலை வாங்கித் தந்தான். "யாரோட மூட்டை எவ்வளவு எடைன்னு இவன் தோளக் கேட்டாத் தெரியும், வெச்சுக்கங்க" என்று சொன்னானாம். நல்ல மனிதன், அம்மா. அதை நான் எங்கேயும் மறுத்ததில்லை.

கடை வேலை எனக்குப் பிடித்திருந்தது. கை கழுவி, நிழலில் உட்கார்ந்து, சட்டைப் பித்தான் போட்டுக்கொண்டு செய்கிற வேலை. தொமிதிலா பொறுமையாகச் சொல்லித் தந்தாள். முதலில் மாட்டிய சின்ன பேட்டரி போதாமல் கபேரா நாற்பத்தெட்டு வோல்ட் பேட்டரிக்கு மாறினான். அதுவும் நான் சொல்லித்தான் எடுத்தான். நாற்பத்தெட்டு இரண்டு மூட்டையை இழுக்கும். ஆனால் மூன்றாம் வளைவில் மட்டும் இழுக்காது. அங்கே சாலை செங்குத்தாகத் திரும்புகிறது, நீங்களே பார்த்திருப்பீர்கள். அந்த இடத்தில் மோட்டார் முனகிக்கொண்டு நின்றுவிடும். நாற்பது அடி தூரம் யாராவது தள்ளிவிட்டால் போதும், மறுபடி பிடித்துக்கொள்ளும். அது தெரிந்துதான் நாற்பத்தெட்டு என்றேன். அவன் வருகிற நேரத்துக்குக் கடையிலிருந்து ஒற்றையடிப் பாதையில் இறங்கி, அந்த வளைவில் போய் நிற்பேன்.

"இருக்கியா?"

"இருக்கேன்."

ஒரு நடைக்கு ஒருமுறை. முன்பு ஏழு, இப்போது ஒன்று. ஒன்று எனக்குப் போதுமானதாகவே இருந்தது. எனக்குப் பேராசை கிடையாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

ஆனால் அவனிடம் சில மாற்றங்கள் தெரிந்தன. பேட்டரியைக் கழற்றித் தன் மனைவியின் நல்ல துணியில் சுற்றித்தான் எடுத்துப் போவான். மழை பிடித்துக்கொண்டால் தன் மேல்சட்டையைக் கழற்றி அதற்குப் போர்த்துவான். பதினோரு வருடம் நானும் அவனும் ஒரே மழையில்தான் நனைந்தோம். அப்போதெல்லாம் அந்தச் சட்டை அவன் உடம்பிலேயேதான் இருந்தது. கள்ளுக் குடிசையில் ஒருவன் கேட்டான்:

"என்ன ருகேமா, உன் பொண்டாட்டி சக்கரத்தோட ஓடிப்போச்சாமே?"

"ஓடல, உருண்டு போச்சு" என்றான் இன்னொருவன். பொண்டாட்டி என்று அவர்கள் சொன்னது கபேராவைத்தான்.

கபேராதான் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தான். "என் புது ஆளு முனகறதில்ல, மூக்கச் சிந்தறதில்ல, கள்ளுலயும் பங்கு கேக்கறதில்ல" என்றான். முனகுவதில்லை என்பது பொய். மூன்றாம் வளைவில் முனகும். அதை நான் அங்கே எல்லார் முன்னாலும் சொல்லவில்லை.

மழைக்காலம் முடிந்ததும் அறுபது வோல்ட் பேட்டரி கடைக்கு வந்தது. கபேரா அதை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தான்.

"இது மூணாவது வளைவுல இழுக்குமா?"

"ரெண்டு மூட்டைக்கு மேல ஒரு ஆள உக்கார வெச்சாலும் இழுக்கும். ஆனா நீங்க எடுக்க வேணாங்கய்யா" என்றாள் தொமிதிலா. "மோட்டாரை ஓட்டுற இந்தப் பெட்டிக்கு ஒரு கூரை இருக்கு. எழுபது வோல்ட். அதத் தாண்டுனா பெட்டி தன்னைக் காப்பாத்திக்கத் தானே அணைஞ்சுக்கும். நாப்பத்தெட்டு முழுசா நெறஞ்சா அம்பத்துநாலு. தலைக்கும் கூரைக்கும் நடுவுல தாராளமா எடம் இருக்கு. அறுபது முழுசா நெறஞ்சா அறுபத்தேழு. குனிஞ்சுதான் நிக்கணும்."

"நின்னுட்டுப் போகட்டுமே. அதுக்கென்ன?"

"எறக்கத்துல மோட்டார் பிரேக் புடிக்கறீங்கல்ல, அப்ப சக்கரம் சுத்தற வேகத்துல கரண்டு திரும்பி பேட்டரிக்கே வருது. நெறஞ்ச கேன்ல மேல மேல ஊத்துற மாதிரி. சமதரையில இருக்கறவங்களுக்கு இது ஒண்ணுமே இல்ல. சார்ஜ் போட்டதும் ஓட்டிச் செலவு பண்ணிடறாங்க. நீங்க எல்லாம் மேல போட்டுட்டு நேரா கீழ எறங்கறீங்க. பெட்டி அணைஞ்சா பிரேக்கும் போச்சு."

அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூட எனக்கு மறக்கவில்லை. கபேரா என் பக்கம் திரும்பினான்.

"இவன் சொல்லட்டும். என் பாரம் இவன் தோளுக்குத்தான் தெரியும். அந்த வளைவுல தெனமும் உன்னைக் கூப்பிட்டுத் தொந்தரவு பண்ண வேணாம்னு பாக்கறேன்டா. நாப்பத்தெட்டா, அறுபதா?"

தொந்தரவு என்றான். நாற்பது அடி தூரம். அதற்காக நான் ஒற்றையடிப் பாதையில் இறங்கி வருவதை அவன் அப்படி நினைத்துக்கொண்டிருந்தான் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

"அறுபது" என்றேன்.

அவனுக்கு எது வேண்டுமோ அதைத்தான் கொடுத்தேன். பின்னால் ஆள் வேண்டாம் என்று ஒருவன் நினைத்தால், பின்னால் ஆள் இல்லாமல் இருப்பது எப்படி என்று அவனுக்குத் தெரிய வேண்டும் இல்லையா? தொமிதிலா ஒத்துக்கொண்டாள். ஆனால் ஒரு விதி வைத்தாள். மேட்டில் இறங்குகிறவர்களின் அறுபது வோல்ட் பேட்டரியைப் பத்தில் எட்டுப் பங்குதான் நிரப்ப வேண்டும். இறங்கி முடிக்கும்போது மீதி தானே நிறைந்துகொள்ளும். பலகையில் கபேரா பெயருக்கு நேரே சாக்பீஸால் எட்டுக் கோடு போட்டு வைத்தாள். எட்டாம் பங்கில் சார்ஜரைப் பிடுங்குவது என் வேலை. ஏழு வாரம் ஒரு நாள்கூடத் தவறாமல் பிடுங்கினேன். மூன்றாம் வளைவுக்குப் போவதை நிறுத்திவிட்டேன். அவன் அங்கே ஒரு நொடிகூட நிற்காமல் ஏறிப் போவது கடை வாசலிலிருந்து கேட்கும். பிரேக் கட்டை மாற்றுவதையும் நிறுத்திவிட்டேன். அவன் கவனிக்கவில்லை. மோட்டார் பிரேக் இருக்கும்போது ரப்பர் எதற்கு என்று ஊரெல்லாம் பெருமை பேசிக்கொண்டிருந்தான். ஒருநாள் அவன் சைக்கிள் கடை வாசலில் நின்றபோது குனிந்து பார்த்தேன். கட்டையில் ரப்பரே இல்லை, வெறும் தகடு. அதை அவனிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. கட்டையைப் பற்றி அவன்தான் கேட்க வேண்டும்.

இவ்வளவோடு நின்றிருந்தால் எதுவும் நடந்திருக்காது என்றே நினைக்கிறேன். நான் கோபக்காரன் இல்லை.

ஒரு புதன்கிழமை கள்ளுக் குடிசையில் கபேரா என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னான். ரொம்ப நாளைக்கு அப்புறம் ஒரே குடுவை. குழலை எடுத்தான். வழக்கம் மறக்கவில்லை என்று நினைத்துக் கையை நீட்டினேன். அவன் குழலைக் குடுவையில் போட்டு, துணியில் சுற்றி மடியில் வைத்திருந்த பேட்டரியின் பக்கம் திருப்பினான்.

"தள்ளினவன் மொதல்ல குடிக்கட்டும்."

எல்லாரும் சிரித்தார்கள். வேடிக்கையாகத்தான் செய்தான், அம்மா. உடனே குழலை என் பக்கம் திருப்பிவிட்டான். நானும் சிரித்தேன், குடித்தேன். கள் நன்றாகவே இருந்தது.

மறுநாள் காலை எட்டாம் பங்கு வந்தபோது நான் சார்ஜரைப் பிடுங்கவில்லை. ஒன்பது வந்தது. வாசலில் ஒரு கோழி மேய்ந்துகொண்டிருந்தது. பத்து வந்தது. பச்சை விளக்கு எரிந்தது. அது அழகான பச்சை. அந்த ஏழு வாரத்தில் அவன் பேட்டரிக்கு அது எரிந்து நான் பார்த்ததில்லை. தொமிதிலா சாமான் வாங்கப் பட்டணம் போயிருந்தாள். கபேரா வந்தான். பேட்டரியை நானே சைக்கிளில் மாட்டிக் கொடுத்தேன்.

"எட்டுதான?" என்று கேட்டான்.

"எட்டுதான்" என்றேன்.

அவன் லாரிக்காரனிடம் காலிச் சாக்கு வாங்கப் போனான். அதற்கு எப்போதும் அரை மணி நேரம் ஆகும். நான் கடையைச் சாத்திவிட்டு ஒற்றையடிப் பாதையில் இறங்கினேன். போகும் வழியில் ஊர்ச் சங்கத்துக் கொட்டகையில் நுழைந்தேன். எங்கள் மேட்டுச் சாலையில் ஆம்புலன்ஸ் இறங்காது. முடியாதவர்களைத் தூளியில் கிடத்தி நாலு பேர் தோளில் தூக்கித்தான் தார்ச் சாலைக்குக் கொண்டுபோவோம். மூங்கிலில் பின்னிய நீளக் கூடை, இரண்டு பக்கமும் கழி. அந்த மாதம் தூளிக்குப் பொறுப்பு என் வீடு. அதைத் தோளில் போட்டுக்கொண்டு மூன்றாம் வளைவுக்குப் போய் ஒரு தைல மரத்தடியில் உட்கார்ந்தேன்.

எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். பரவாயில்லை. இதை எழுதிக்கொள்ள வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

அவன் சாக வேண்டும் என்று நான் ஒருபோதும் நினைக்கவில்லை. செத்தவனைத் தள்ள முடியாது. அவன் கொஞ்சம் பயந்தால் போதும் என்றுதான் முதலில் நினைத்தேன். தூளியை எடுத்தது முன்ஜாக்கிரதைதான். பொறுப்புள்ள எவனும் அதைத்தான் செய்வான்.

மேலிருந்து மோட்டார் பிரேக்கின் சத்தம் வந்தது. தேனீக்கூட்டின் இரைச்சல் போல இருக்கும். ஐந்தாம் வளைவு, நாலாம் வளைவு. அதற்குப் பிறகு அந்தச் சத்தம் நின்றுவிட்டது. தொமிதிலா சொன்னது அப்படியே நடந்தது. முறிகிற சத்தம் இல்லை, வெடிக்கிற சத்தமும் இல்லை. பிறகு தகடு இரும்பில் உரசுகிற சத்தம். அதற்குப் பிறகு அவன் குரல். "ருகேமா" என்றுதான் கத்தினான். நான் அங்கே இருப்பது அவனுக்குத் தெரியாது. தெரியாமலே என் பெயரைத்தான் கூப்பிட்டான். அதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

வளைவைத் தாண்டி அவன் ஒரு மரத்தில் போய் மோதினான். முதலில் ஓடிப்போய்ச் சேர்ந்தது நான்தான். கழுத்தை அசைக்காமல் தூளியில் கிடத்த வேண்டும் என்று எனக்குத் தெரியும். வயலில் இருந்தவர்களைக் கூப்பிட்டேன். நாலு பேர் தூக்கினோம், பின்கழி என் தோளில். சரியான நேரத்தில் தூளி வந்ததால்தான் பிழைத்தான் என்று ருஹெங்கேரி ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மாதக் கடைசிச் சனிக்கிழமைப் பொதுவேலைக்கு ஊர் கூடியபோது எல்லார் முன்னாலும் எனக்குக் கை தட்டினார்கள். தூளி எப்படி அந்த வளைவில் இருந்தது என்று யாரும் கேட்கவில்லை.

போலீஸ்காரர்கள் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். கடை யாருடையது என்றார்கள். தொமிதிலாவுடையது என்றேன். அறுபது வோல்ட் பேட்டரியை விற்றது யார் என்றார்கள். அவள்தான் என்றேன். அதில் எதுவும் பொய் இல்லை. பலகையில் அன்றைக்குக் கபேரா பெயருக்கு நேரே பத்துக் கோடு இருந்தது. கூடுதலாக இருந்த இரண்டு கோடுகளை யார் போட்டது என்று அவளைத்தான் கேட்டார்கள். அவளால் சொல்ல முடியவில்லை. கடையை மூடிவிட்டார்கள். இப்போது எங்கே இருக்கிறாளோ தெரியாது. என்னிடம் எப்போதும் மரியாதையாக நடந்துகொண்டவள்.

கபேரா ஒன்பதாம் நாள்தான் கண் விழித்தான். இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லை என்று அவனிடம் இன்னும் சொல்லியிருக்கவில்லை. நான் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். அவனால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"இருக்கியா?"

"இருக்கேன்" என்றேன்.

இப்போது இரண்டு வருடம் ஆகிறது. ஒவ்வொரு செவ்வாயும் வெள்ளியும் கீழே அவன் வீட்டிலிருந்து மேலே தார்ச் சாலை வரை நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வருகிறேன். ஏழு வளைவு. அவன் சொல்லாமலே சக்கரத்துக்குக் கட்டை வெட்டிப் போட்டிருக்கிறேன். மேலே போனதும் குழலை அவன் என் பக்கம்தான் திருப்புகிறான். அவன் சந்தோஷமாக இருக்கிறான், அம்மா. முகத்தைப் பார்த்தால் தெரியாது. என்னைப் போலப் பின்னால் நின்று பார்த்தால்தான் தெரியும்.

அதனால்தான் இன்று காலை நீங்கள் வந்து அவனே விண்ணப்பம் போட்டான் என்றதும் எனக்குக் கொஞ்சம் ஆச்சரியமாக இருந்தது. அவன் என்னிடம் சொல்லவில்லை. அந்தத் தாளை ஒருமுறை காட்டினீர்கள். மோட்டார் எதற்கு என்ற இடத்தில் அவன் கையெழுத்தில் ஒரே வரி. 'தள்ளுகிறவர் தோளுக்கு ஓய்வு தேவை.'

அவன் மாறவே இல்லை, பார்த்தீர்களா? நான் எதையும் கேட்பதற்கு முன்பே எனக்கு ஓய்வு கொடுத்துவிடுவான்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். இருபத்து நாலு வோல்ட் வைத்தால் மூன்றாம் வளைவில் நிற்கும். முப்பத்தாறு வைத்தால் நிற்காது. இரண்டையும் மேலேதான் சார்ஜ் போட வேண்டும். போட்டுவிட்டு நேராக இறங்கத்தான் வேண்டும். சார்ஜர் என் வீட்டில்தான் இருக்கும், இங்கே வேறு யாருக்கும் அது தெரியாது. நீங்கள் மோட்டார் வைத்தால் எது சரி என்று மறுபடியும் நான்தான் யோசிக்க வேண்டியிருக்கும். போன தடவையும் நன்றாகத்தான் யோசித்தேன். எனக்கு இப்போது வயதாகிறது, தூளியை ஒற்றை ஆளாகத் தூக்க முடியவில்லை.

கேட்கிறதா? கூப்பிடுகிறான். வெயில் சாய்ந்துவிட்டது, கீழே போக வேண்டும்.

இருக்கேன்டா.

பேனா உங்கள் கையில்தான் இருக்கிறது, அம்மா. அந்தக் கட்டத்தில் வோல்ட் எதுவும் போடாமல், 'தள்ள ஆள் இருக்கிறது' என்று மட்டும் எழுதிவிடுங்களேன்.